மண்டபத்துக்கு அடுத்த வீடு

நாய் வாங்கத்தான் யோசனை கேட்கப் போனோம்.
மெஹருன்னிசா டாக்டர் நாயைப் பற்றி
ஒரு வார்த்தை பேசவில்லை.
உங்க வீட்டைச் சொல்லுங்க, என்றார்.

வீட்டில் சொல்ல என்ன இருக்கிறது.
குத்தாலம் கடைத்தெருவுக்குப் பின்னால்
கல்யாண மண்டபத்தை ஒட்டிய ஓட்டு வீடு.
அவர்கள் சமையற்கட்டுச் சுவர்தான்
எங்கள் கூடத்துக்கும் சுவர்.
முகூர்த்த மாசங்களில்
யார் வீட்டு சாம்பாரோ எங்கள் துணியில் மணக்கும்.

பகல்ல யார் இருப்பீங்க?

எனக்கு மயிலாடுதுறையில் மருந்துக்கடை வேலை,
எட்டே காலுக்குப் பஸ்.
அவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார்;
சம்பா முடிந்ததும் வண்டியோடு ஆந்திரா,
அங்கிருந்து கர்நாடகம்,
குறுவைக்குத்தான் ஊர் திரும்புவார்.
பெண் ஒன்பதாவது. டியூஷன் முடிந்து
ஐந்தரைக்கு வந்து கதவைத் திறப்பாள்.
சொல்லிக்கொண்டே வரும்போது
எனக்கே தெரிந்தது,
அந்த வீட்டில் அதிக நேரம் இருப்பது பூட்டு.

தையல்நாயகி ஒரு நோட்டு வைத்திருந்தாள்,
பக்கத்துக்கு ஒரு படம் ஒட்டி.
லாப்ரடாரைக் காட்டினாள்.
"சித்திரையில அந்த ஓட்டுக்குக் கீழ
நீங்களே வெந்துபோவீங்களேம்மா."
ராஜபாளையம் அவள் அப்பாவின் ஆசை.
வெள்ளையா, கம்பீரமா வாசல்ல நிக்கணும் என்று
ராய்ச்சூரிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.
"அது நிக்கிற நாய் இல்ல, ஓடுற நாய்.
தினம் யார் கூட்டிக்கிட்டு ஓடுவீங்க?"
எனக்கு ஒரு பொமரேனியன் போதும்,
மடியில் கிடக்க.
அந்தப் பக்கத்தை டாக்டர் புரட்டிவிட்டார்.

மூன்றாம் முறை போனபோதுதான்
மணியைப் பற்றிச் சொன்னேன்.
நாலு மாசக் குட்டி.
போன தையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு;
பத்தாயிரம் வாலா எங்கள் வாசல் வரை வெடித்து வந்தது.
சங்கிலியோடு போனது.
மஞ்சளாறு மதகு வரை தேடினோம்.
கேட்டவர்களுக்கெல்லாம்
அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம் என்றேன்.
நோட்டில் தையல்நாயகி
அதற்கும் ஒரு பக்கம் விட்டிருந்தாள்,
படம் இல்லாமல்.

டாக்டர் கொஞ்ச நேரம்
ஊசிக் குப்பியின் ரப்பர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே, என்றார்.
அப்புறம் ஒரு போன் நம்பர்.

தேரழுந்தூர் சாலையில் ரைஸ்மில் விற்கிறார்கள்.
அரவை மெஷினுக்கு அடியிலேயே
ஆறு வருஷம் கிடந்த நாய்.
தவிட்டு நிறம், ஒரு கண்ணில் பூ,
காது சுத்தமாகப் போய்விட்டது.
பகல் முழுக்கத் தூங்கும், என்றார் கணக்குப்பிள்ளை,
மன்னிப்புக் கேட்பதுபோல.
எவ்வளவு என்றேன்.
இதுக்குப் போய் யாராவது காசு வாங்குவாங்களா?

உமி என்று பெயர் வைத்தாள் தையல்நாயகி.
கூப்பிட்டுப் பயனில்லை.
குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டினால்
தலையைத் தூக்கும்.
மழைத் தண்ணீர் முற்றத்தில் நின்றால்
நட்டநடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
என் ஒற்றைச் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

வைகாசியில் முதல் முகூர்த்தம்.
வெடி வெடித்தபோது
நானும் அவளும்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
உமி புரண்டு படுத்தது.
விடியற்காலை கெட்டிமேளத்துக்கு மட்டும்
எழுந்து போய்
சமையற்கட்டுச் சுவரில் விலாவை ஒட்டிவைத்துக்கொண்டது.
தவில் ஓயும்வரை அங்கேயே நின்றது.
மில் ஓடுகிறது என்று நினைத்ததோ என்னவோ.

ஆவணியில் அவர் வந்தார்.
கேட்டைத் திறந்து, பையை இறக்கி,
குழாயடியில் கால் கழுவும்வரை
அது அசையவே இல்லை.
நல்ல காவல், என்றார்.
குனிந்து தொடப்போனவரின் கையை
திடுக்கிட்டுக் கவ்வி,
டீசல் வாடை மூக்கில் ஏற விட்டுவிட்டது.
மில்லிலும் அந்த வாடை இருந்திருக்கும்.

அப்படி வரக்கூடாதுப்பா, என்றாள் பெண்.
வர்றது தெரியணும் அதுக்கு.

இப்போது
வாசற்படி ஏறுவதற்கு முன்
இரண்டு தட்டு தட்ட
அவரும் பழகிக்கொண்டிருக்கிறார்.