கேற் தெளிவாய் விழுந்த படம்

ஆவணி பிறந்தால் ஒரு வருசம்.
எங்கள் அல்பம் இன்னும் ஸ்ரூடியோவில் கிடக்கிறது,
மிச்சக் காசு கட்டவில்லை.
ஊர்க் கலியாணங்களுக்கெல்லாம் படம் பிடிக்கப் போகிறவளின்
கலியாணப் படம் கடனில்.
இதைச் சொல்லிச் சிரிக்க
வீட்டில் ஒருத்தர் இருக்கிறார் என்பது
இந்த வருசத்தின் முதல் வரவு.

கார்த்திகை மழை விட்ட கிழமை
"முக்காலியை எடுத்து வாங்கோ" என்றேன்.
குசினிக்குள் போய்
வெங்காயம் உரிக்க இருக்கிற முக்காலியோடு
வந்து நின்றார் கேதீசன்.
கல்லுண்டாய் வெளியில் பூநாரைகள் இறங்கியிருந்த விடியல்.
அந்த முக்காலியிலேயே குந்தியிருந்து
லென்ஸ் மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு
ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை.
பேந்து கேட்டார்,
"இதுகள் ஏன் ஒற்றைக் காலில நிக்குதுகள்?"
எனக்குத் தெரியாது.
தெரிந்தமாதிரி ஏதோ சொன்னேன்.
அவர் நம்பினார்.
அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

நீல மட்டைக் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறேன்.
முந்தி ஒரு நாள் விடாமல் எழுதினவள்.
இப்போது புரட்டினால்
சண்டை பிடித்த நாள்களில் மட்டும்தான்
பேனை ஓடியிருக்கிறது.
கரண்ட் பில்,
மச்சாள் சொன்ன குத்தல் கதை,
"ராத்திரிப் பத்து மணிக்கு என்ன படப்பிடிப்பு"
என்று இவர் கேட்ட கேள்விக்கு மூன்று பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் மை ஊறியிருக்கிறது.
கண்ணீர் என்று நினைக்க வேண்டாம்,
கொப்பிக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தது அவர்தான்.
அதற்கும் ஒரு பக்கம்.

ஹார்ட் டிஸ்க்கில் வேறொரு வருசம்.
பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள்,
ஒன்றிலும் சண்டை இல்லை.
குறிகட்டுவான் துறையில்
காற்று பிடுங்கின குடை,
சங்குப்பிட்டிப் பாலத்தில் தூண்டில் போடுகிற பெடியள்,
ஆரோ ஒரு மணப்பெண்ணின் கொட்டாவி.
பத்தொன்பதில் இவர் இருக்கிறார்.
முழங்கை, நிழல்,
மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் அரை முகம்.

கொப்பியை வாசிக்கிறவள்
"விட்டிட்டு வா பிள்ளை" என்பாள்.
படங்களைப் பார்க்கிறவள்
"குடுத்து வைச்சனீ" என்பாள்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
நாங்கள் இருந்ததோ
உடுப்புக் காயப்போட்டு,
பாணுக்கு வரிசையில் நின்று,
தண்ணி மோட்டர் பழுதாகிப்போன
செவ்வாய்க்கிழமைகளில்.
செவ்வாய்க்கிழமைகளை நான்
எழுதவுமில்லை, பிடிக்கவுமில்லை.

மாசியில் ஒரு கிழமை
கொப்பி வெறுமை. கமரா உறைக்குள்.
பெரியாஸ்பத்திரி வாங்கில்
என் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு
விடியுமட்டும் இருந்தார்.
அதற்குமேல் இங்கேயும் எழுத மாட்டேன்.

சித்திரையில் கேற்றுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தோம்.
மேல் பாதி அவர், கீழ்ப் பாதி நான்.
போன கிழமை கமராவைக் கையில் கொடுத்து
"என்னை ஒரு படம் எடுங்கோ" என்றேன்.
எடுத்தார்.
நான் மங்கல்.
பின்னால் கேற்,
பூட்டின் துரு, பெயின்ற் வழிந்த கோடு,
நான் அடிக்காமல் விட்ட கீழ் மூலை,
எல்லாம் அச்சொட்டாய்.
"என்னைப் பாக்காமக் கேற்றைப் பாத்திருக்கிறியள்."
"நீர் அசைஞ்சுகொண்டே இருக்கிறீர்.
கேற் நிண்டது."

அழிக்கவில்லை.
பத்தொன்பது படங்களுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன்.

இன்றைக்குச் செவ்வாய்.
மோட்டர் திரும்பவும் நின்றுவிட்டது.
கிணற்றடி இருட்டுக்குள்
வாயில் ஒரு ஆணியை வைத்துக்கொண்டு
ஆரையோ பேசுகிறார், மோட்டரையா என்னையா
தெரியவில்லை.
கமரா மேசையில்.
கொப்பி அதற்குக் கீழே.
கூப்பிடுகிறார்.
ரோச் லைற் பிடிக்கப் போகிறேன்.