பத்தொன்பதாவது சான்றிதழ்

ஏழாம் எண்ணுக்கு அம்மை.
காலை ஆறே முக்காலுக்கே அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்களாம்.
திரைக்குப் பின்னால்
சான்றிதழ்க் கட்டோடு நின்ற என்னிடம்
யாரும் சொல்லவில்லை.

பெற்றோர் தொண்டூழியர் என்று
கழுத்தில் அட்டை தொங்க
மூன்று நாளாய் நான் அடுக்கிய வரிசை.
பெயர், வகுப்பு, விருது,
விரல் வைத்து இரண்டு முறை சரிபார்த்தது.

பிதா சுதன் போட்டுத் தொடங்கியது விழா.
ஹவ்காங் வெயில்
மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளைச்
சுட வைத்துக்கொண்டிருந்தது.
நான் எடுத்து நீட்ட, பங்குச் சாமியார் வாங்கிக் கொடுக்க,
பிள்ளை திரும்பிச் சிரிக்க, ஒரு படம்.
எழுத்து கேமராவைப் பார்க்க வேண்டும்,
முகமும் கேமராவைப் பார்க்க வேண்டும்,
அப்படித்தான் ஒத்திகை.
எனவே எவரும் வாசிக்கவில்லை.

ஆறு வரை சுபம்.

கிளாரிசா பெரைராவின் பெயரைத்
தாண்டிப் படித்தாள் அறிவிப்புச் சிறுமி.
என் கை தாண்டவில்லை.

கிளாரிசாவின் நற்பண்பு விருதை
இவான் வாங்கிப் போனான்,
முந்தாநாள் குழாயடியில் ஒருவனைத் தள்ளிவிட்டவன்.
இவானின் ஓவியப் பரிசு
நேர்கோடே கோணலாய் வரும் ஜெரெலுக்கு.
ஜெரெலின் கணக்குப் பரிசு போனது
பூப்பந்து மட்டை தவிர
வேறெதையும் தூக்காத மிகேலாவுக்கு.
இப்படியே பன்னிரண்டு பேர்,
ஒருவர் சட்டையை ஒருவர் மாட்டிக்கொண்டதுபோல்
மேடையிலிருந்து இறங்கிப் போனார்கள்.
கைதட்டல் எல்லாருக்கும் ஒரே அளவு.

கடைசியில் என் மகன் சவரி.
சீனமொழி முதல் பரிசை
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தான்.

என் கையில் ஒன்று மிஞ்சியிருந்தது:
"கணிதம். நல்ல முன்னேற்றம்."
முப்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்று.
பத்துப் பத்தாய்க் கடக்கத் தெரியாமல் அழுதவன்
என் ஜெபமாலையை இழுத்து
மணிகளைப் பிரித்துப் பிரித்துக் கண்டுபிடித்த
இருபத்து மூன்று மதிப்பெண்கள்.
(அந்த மாதம் என் அருள் நிறைந்த மரியே
எந்தப் பத்தில் நிற்கிறது என்று
எனக்கே தெரியாது.)

வெளியே, கெபி அருகில்
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
கேட்க யாருக்கு நேரம்?
மாதாவின் காலடியில் ஈரச்சந்தை கூடியிருந்தது.
"நீச்சல் யாருது? நீச்சல்!"
"ஓவியம் இங்கே இருக்கு, ஓவியம்!"
"என்னுது யார்கிட்ட?"
மற்றவன் பெயரை, மற்றவள் கெட்டிக்காரத்தனத்தை
ஒன்பது வயதுத் தொண்டைகள்
ஏலம் போட்டுக்கொண்டிருந்தன.
ஜெரெல் ஓவியத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது
"டைனோசர்தானே? அதுக்குத்தானே?" என்றான்.
இவான் காதுவரை சிவந்தான்.

நற்பண்பு மட்டும் ஆளில்லாமல் நின்றது.
"எங்க புளோக்தான் ஆண்ட்டி, நான் குடுத்துடறேன்."
கொடுத்தானாம்.
இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்,
தொற்றிக்கொள்ளாத தூரத்தில் நின்று,
உள்ளே புள்ளி புள்ளியாய் நின்றவளுக்கு
முதல் எழுத்திலிருந்து
முதல்வரின் கையெழுத்து வரை
சத்தமாய் வாசித்துக் காட்டிவிட்டு
கம்பி வழியாய்ச் செருகிவிட்டு வந்தானாம்.

பள்ளி அனுப்பிய படத்தை
மறுபடி எடுத்துத் தரவா என்று கேட்டார்கள்.
சவரி வேண்டாம் என்றுவிட்டான்.
குளிர்பதனப் பெட்டிக் கதவில்
காந்தம் பிடித்து நிற்கிறது.

நேற்று வந்த என் அண்ணன் குனிந்து பார்த்து,
"டேய், சீனத்திலயா முதல் பரிசு?" என்றார்.

மைலோவை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:
"இல்ல மாமா, அது வெய் ஷுவானுது.
அவ ரொம்ப நல்லா எழுதுவா.
என்னுது அம்மா கைப்பையில இருக்கு.
இன்னும் வெளிய எடுக்கவே மாட்டேங்குறாங்க."