இடது இமை

ஹுய்சோ தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
லியோன் நகரிலிருந்து வெறும் கோப்பாக வந்தாள்
நாரைச் சிறகு முளைத்த வீராங்கனை.
எடையில்லை, நிழலில்லை.
திரையில் விரலால் சுழற்றினால் முதுகு காட்டினாள்.

அச்சுப்பொறி அவளைப் பிசினில்
மயிரளவு மயிரளவாய் ஏற்றியது, பதினேழு துண்டுகளாக.
இறகிடுக்கில் படிந்த வரிகளை
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
குவாங் போஷெங்குக்குக் கட்டைவிரல் ரேகை அழிந்துபோனது.
வாசல் கருவிக்கு இப்போது அவரைத் தெரிவதில்லை.
காவலாளி சிரித்துக்கொண்டே திறந்துவிடுகிறார்.

முதல் மாதிரிக்குக் கண் எழுதியவள் ஓவ் யான்சென்.
மூன்றே மயிர்த் தூரிகை, மூச்சை நிறுத்திக்கொண்டு.
படம் போனது. பதில் வந்தது:
'இடது இமை தாழ்ந்திருக்கிறது.
போருக்குப் போகிறவள் தூங்கி வழியக் கூடாது.'

தூங்கி வழிந்தது யாரென்று
எங்கள் வரிசைக்கே தெரியும்.
யான்சென்னின் குழந்தைக்கு அப்போது பல் முளைக்கும் நேரம்.
துடைத்தாள், எழுதினாள், துடைத்தாள்.
ஐந்தாம் முறை லியோன் சரி என்றது.

பிறகு வார்ப்பு. ரப்பர் அச்சு ஒன்றுக்கு முப்பது;
அதற்குமேல் மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும்.
இருபத்திரண்டு அச்சு:
அறுநூறும், போனால் போகட்டுமென்று அறுபதும்.
அச்சு அசல் என்கிறோம்.
முதல் அச்சை உரித்தபோதே
அசலின் சிறகு முறிந்துவிட்டது.

என்னுடையது கடைசி மேசை.
விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன்:
காற்றுக்குமிழ், வண்ணக் கசிவு, கோணிய வாள்.
தேறியவளின் பாதத்தடியில் எண், 212/600.
தேறாதவளுக்குச் சுத்தியல்.
உடைப்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், ஒப்பந்தம்;
ஒருத்தி கூடினாலும் அறுநூறு பொய்யாகிவிடும்.
சிவப்புக் கவசம், பொன் கச்சை,
உள்ளே எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளை.

நாற்பத்தொரு பேரை உடைத்தாயிற்று.
அடுத்தவளிடம் கை நின்றது.
இமை தாழ்ந்தவள்.
எந்த விடிகாலையில் யான்சென்னின் கை
பழைய வழியே போனதோ.
காமிரா ஓடிக்கொண்டிருந்தது.
எதிர்வரிசையில் அவள் நிமிரவில்லை,
ஐந்நூற்றுச் சொச்சமாவது இடக்கண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் அடியை வாளில் வைத்தேன்.
அப்புறம் சிறகு.
தோளில் அடித்தபோது முகம் முழுசாகக் கழன்று
உருண்டு விளிம்பைத் தாண்டியது.
படத்தில் அது வராது.

ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
என் செருப்புக்குப் பக்கத்தில்
அரைத் தூக்கத்தில் கிடக்கிறாள்.