இன்ச் டேப்பால் அளந்த ரோடு

டிபன் பாக்ஸ் மட்டும்தான் நசுங்கியது.
திலீபன் எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிவிட்டு
அன்றைக்குக் கணக்குப் பரீட்சையும் எழுதினான்.
எம்-சாண்ட் டிப்பர் அதற்குள் வேலந்தாவளம் தாண்டி
யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போய்விட்டது.
என் மகன் இல்லை அவன்.
என் மகள்தான் அவனுக்குப் பின்னால் மிதித்து வந்தவள்.
வழித்தெடுத்த எலுமிச்சைச் சோற்றையும்
தட்டையான டப்பாவையும்
என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை நார் மில்லுக்கு லீவு சொன்னேன்.
டெய்லர் ஜமீலா இன்ச் டேப் எடுத்துவந்தாள்,
ஒன்றரை மீட்டர் நீளம்.
காலனி முக்கிலிருந்து பள்ளிக்கூட கேட் வரை
நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி,
எண்ணூறில் எண்ணிக்கை தப்பி
புளியமரத்திலிருந்து மறுபடி தொடங்கி,
ஆயிரத்து ஐந்நூறு தடவை குனிந்தோம்.
இரண்டே கால் கிலோமீட்டர்.

குனிந்தால்தான் ரோடு தெரிகிறது.
தார் முடிகிற இடத்தில் நாலு விரல் பள்ளம்,
லாரிக்கு ஒதுங்கி இறங்குகிற சைக்கிள்
திரும்ப ஏறாது.
வளைவில் பார்த்தீனியம்
ஆறாம் வகுப்புப் பிள்ளை உயரம்.
கள்ளுக்கடைக்கு எதிரே பாட்டில் சில்லு.
எல்லாவற்றையும் ஜமீலா
பிளவுஸ் அளவு எழுதுகிற நோட்டில் எழுதினாள்,
மார்பு முப்பத்தாறு, பள்ளம் பதினொன்று என்று
ஒரே பக்கத்தில்.

நடுவில் நானூறு மீட்டர் கேரளா.
பலகை கிடையாது.
பின்சக்கரம் ஒருதரம் தொம்மென்று இறங்கும்,
அதுதான் மாநிலம் என்பார்கள் பிள்ளைகள்.
அந்தப் பக்கத்து வார்டு மெம்பர் ஓமனா
மலையாளத்தில் ஒரு மனு எழுதித் தந்தாள்.
இங்கே கேட்டால் அது அவங்க ரோடு,
அங்கே கேட்டால் அளந்து பார்க்கணும்.
நாங்கள் அளந்தாயிற்று என்று
நோட்டை நீட்டினேன்.
டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தேன்.
கிளார்க் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார்.
பிறகு, ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க
மனுக்கள்மேல் அதைத் தூக்கி வைத்தார்.

திலீபனைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.
ஒரு நாள் அவனாகவே சொன்னான்:
“லாரி மோதலீங்க.
மேக்கால காத்து. அதுக்குச் சாஞ்சுதான் மிதிச்சேன்.
லாரி பக்கத்துல வந்ததும் காத்து நின்னுபோச்சு.
சாஞ்ச பக்கமே விழுந்துட்டேன்.”

ஆடி மாசத்துக் கணவாய்க் காற்றுக்கு
எந்த ஆபீஸில் வேகத்தடை கேட்பது?

மறைப்பு இருக்கிற வழியைத் தேடினோம்.
வெங்கிடுபதியின் தென்னந்தோப்பு
ரோட்டோடு தொள்ளாயிரம் மீட்டர் கூடவே வருகிறது.
விழுந்த தேங்காயை ஒருத்தரும் தொடக்கூடாது, அது அவர் பேச்சு.
வழியோரம் இரண்டு வரிசையில்
காய் விழவே கூடாது, அது எங்கள் பேச்சு.
நாற்பது நாளைக்கொருமுறை ஆளேற்றி இறக்கணும்.
கூலியில் பாதி குழு தரும் என்றேன்.
குழுவிடம் அப்போது காசே இல்லை.
எட்டு மணிக்கு அவர் கேட் திறக்கிறது,
சில நாள் எட்டே காலுக்கு.
அன்றைக்கெல்லாம் நான் போன் பண்ணுகிறேன்,
அவர் திட்டுகிறார், திறக்கிறார்.

மிச்ச தூரம் ரோடுதான்.
ஓமனா விடாமல் நடந்ததில் கேரளாப் பக்கம்
ஓரத்தில் வெள்ளைக் கோடு வந்தது,
தொம்மென்கிற இடத்தில் சரியாக நின்றது.
அங்கிருந்து நாங்கள் சுண்ணாம்புப் பொடியில் இழுத்தோம்.
மழை கழுவியது. இழுத்தோம்.
பந்தல்காரன் வண்டி அழித்தது. இழுத்தோம்.
மூன்றாவது தடவை ஜமீலா
முதுகைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
கோடு கொஞ்சம் கோணலானது.
கோணலாகவே சைக்கிள்கள் போகின்றன.

அரசாங்க சைக்கிள் நாற்பத்தொன்றில்
பிரேக் கட்டை தேய்ந்தவை பதினாறு.
பள்ளம் பதினொன்றில் அடைத்தது நாலு.
வேகத்தடை வரவில்லை.

டப்பா இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது.
திலீபன் அம்மா புதுசு வாங்கிவிட்டாள்,
நான் பழையதைத் திரும்பக் கேட்கவில்லை.
அடுத்த ஆடி வரைக்குமாவது
எங்கள் மனு பறக்காது.