முட்டுக்கட்டை

பத்தொன்பது வருசம் கப்பல் வேலை.
என்னிடம் பாஸ்போட் இல்லை.

கடன் கேட்டுப் போன வங்கியில்
அந்தப் பிள்ளை இரண்டுதரம் கேட்டாள்:
கடலில் வேலை என்கிறீர்கள்,
ஒரு நாட்டுக்கும் போகவில்லையா?
தெற்கு அலைதடுப்பிலிருந்து
வடக்கு அலைதடுப்புக்குப் போயிருக்கிறேன் தங்கச்சி,
எத்தனையாயிரம் தரமென்று எண்ணவில்லை.
அவள் படிவத்தில் ‘ஏனையவை’ என்ற கட்டத்தில்
ஒரு சரி போட்டாள்.

டக்போட் இழுக்கும் என்றுதான்
ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.
இழுப்பது கொஞ்சம்.
மீதியெல்லாம் மறிப்பு.
வாயிலுக்குள் நுழைகிற கப்பலுக்கு
நிற்கத் தெரியாது.
எஞ்சினை நிறுத்தினாலும்
தன் பாரம் தன்னைக் கொண்டுபோகும்,
கல்யாண வீட்டில் கதை தொடங்கின ஆளைப்போல.

காலி வீதியில் ஆடிவேல் தேர் வரும்போது
எல்லாக் கண்ணும் வடம் பிடித்தவர்மேல்.
சக்கரத்தடியில் குனிந்து
கட்டையைச் செருகி, உருவி, செருகி
சாமியைத் திருப்புகிறவனை ஆர் பார்த்தது?
அந்தக் கட்டையின் பெயரைத்தான்
காரியம் கெடுக்கிறவனுக்கு வைத்திருக்கிறோம்.
சில நேரம் பாஷைக்கும் நன்றி இல்லை.

போன ஆடியில் ஒரு இரவு.
சோளகம் அலைதடுப்புக்கு மேலால் ஏறி
உப்பை முகத்தில் விசிறியது.
முந்நூற்றறுபது மீற்றர் நீளத்தில்
ஒரு தெரு நகர்ந்து வந்தது.
ஸ்கிப்பர் குயின்டஸ்
காற்றுக்குச் சிங்களத்தில் ஏசினார்,
தூரத்தைத் தமிழில் எண்ணினார்,
ரேடியோவுக்கு ‘ரோஜர்’ என்றார்.
கீழே எஞ்சினோடு துவான் றிஸ்லி.
அவன் இதுவரை பிடித்த கப்பல்களில்
ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை,
அதிர்விலேயே எடை சொல்வான்.

மேலே ஒரு மஞ்சள் தலைக்கவசம்.
அதற்குள் ஒருவன்.
பிலிப்பினோவோ, பர்மாக்காரனோ,
ஒன்பது மாடி உயரத்தில் எல்லாரும் ஒரே நாடு.
எறிகயிறு விழுந்தது.
அதன் நுனியில் எங்கள் கயிற்றை முடிந்தேன்.
முடிச்சுக்குக் கீழே
கொட்டாஞ்சேனைச் சந்தியில் வாங்கின
மல்வானை றம்புட்டான் பையையும் முடிந்தேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.
சாப்பிட்டு மிச்சம் பன்னிரண்டு இருந்தது.
விடிந்து மறுநாள் அவன் போய்விடுவான்.
அவன் கண்ட கொழும்பு
கிரேன் விளக்குகளோடு முடிந்துவிடும்.

‘அது என்னடா சிவப்பா ஏறுது?’
‘ஒண்டுமில்லை ஸ்கிப்பர்.’
‘ஒண்டுமில்லாததை இறுக்கிக் கட்டினியா?’

பிறகு வேலை.
வடம் விறைத்தால் அதன் கோட்டில் நிற்கக்கூடாது,
அறுந்த வடம் ஆளைத் தேடி வரும்.
பின்னுக்கு இழுத்து,
பக்கத்துக்குத் திருப்பி,
கடைசியில் விலாவில் போய்ச் சாய்ந்தோம்.
கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து: டக்.
கீழே ஓர் அம்பு.
இந்த இடத்தில் தள்ளு,
வேறெங்கு தொட்டாலும் நெளிந்துவிடுவேன்
என்கிறது அவ்வளவு பெரிய இரும்பு.
உலகம் சுற்றுகிற உடம்பில்
எங்களுக்கென்று எழுதின இடம் அதுதான்.

டயர்கள் நசுங்கி அழுதன.
ரப்பர் புகைந்து மணத்தது.
தட்டில் ப்ளேன்டீக் கோப்பை
தானாக நடந்துபோய்
சுமனதாசவின் முழங்கையில் முட்டியது.

அப்போதுதான் மேலிருந்து
என்னவோ விழத் தொடங்கியது.
மழை இல்லை.
ஒன்று தண்ணீரில், ஒன்று டயரில்,
ஒன்று என் சப்பாத்தருகே.
மயிர் முளைத்த சிவப்புத் தோல்,
உட்புறம் இன்னும் ஈரம்.
நிமிர்ந்தேன்.
தலைக்கவசம் தெரியவில்லை,
கம்பிக்கு வெளியே ஒரு கை மட்டும்
அடுத்ததை உரித்துக்கொண்டிருந்தது.

‘தளத்தைக் கூட்டவேணும்’ என்றார் குயின்டஸ்.
‘எறும்பு வரும்.’

ரேடியோ சொன்னது: ஸ்டாப்.
நாங்கள் நின்றோம்.
கப்பலும்.