தண்ணீர் இந்தப் பக்கம்

கல்லறைத் தோட்டத்துக் கம்பிவேலியைப்
போட்டவர் என் தாத்தா.
ரசீது இன்னும் சபை அலமாரியில் இருக்கிறது:
எண்பது கஜம், பதினாறு தூண்,
கூலி இல்லை, கர்த்தருக்காக.

கிழக்கு டெக்சஸில் மண் சிவப்பு.
இந்தப் பக்கம் எங்கள் வெள்ளைப் பளிங்குகள்.
அந்தப் பக்கம்
ஈரச் சிமெண்டில் விரலால் எழுதிய பெயர்கள்.
நடுவே முயல்கள் மட்டும் போய்வந்தன.

போன தவக்காலம் முழுக்க வேலியைப் பற்றிப் பேசினோம்.
'செத்தவர்களுக்கு அது தெரியவா போகிறது?'
என்றார் மூப்பர் ஹட்கின்ஸ்.
போதகர் சமாதானத்தைப் பற்றி மூன்று பிரசங்கம் செய்தார்.
மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணைப் பழித்ததற்காக
மிரியாம் வெள்ளை வெளேரென்று ஆனாளே,
அந்த அதிகாரத்தை யாரும் திறக்கவில்லை.
நான் வீட்டில் திறந்தேன்.
என் புறங்கையைப் பார்த்தேன்.
மூடிவிட்டேன்.

பத்தொன்பதுக்குப் பதினேழு.
வேலி போகட்டும் என்று தீர்மானம்.

வெல்டிங் என் தொழில்; வெட்டும் வேலை எனக்கு.
ஓடைக்கு அப்பால் பெத்தேல் சபையின் ஆர்னெட்டா பிக்கன்ஸை
அழைக்கப் போனதும் நான்தான்.
வழியெல்லாம் ஒத்திகை:
என் தாத்தா, மன்னிப்பு, இயேசு.
இந்த வரிசையில்.

பள்ளிப் பேருந்தின் எஞ்சினில்
எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.
முழுக்கக் கேட்டார். அளவுகோலைத் துடைத்தார்.
'வேலியால் எனக்கென்ன? அதில் என் கோட்டை மாட்டிவைப்பேன்.
குழாய் உங்கள் பக்கம் இருக்கிறது.
என் அண்ணன் எர்ஸ்கின் தலைமாட்டில் ஒரு ரோஜா.
நாற்பது வருஷமாக வீட்டிலிருந்து வாளியில் கொண்டுபோகிறேன்.
பாதி, பாலத்து மேட்டில் சிந்திப் போகும்.'

எர்ஸ்கின் மாவட்டச் சிறையில்
'தானாகவே' இறந்தவர்.
அன்றிரவு சாவி யாரிடம் இருந்ததென்று
அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
அந்த ஆள் எங்கள் முதல் வரிசையில் படுத்திருக்கிறார்,
குழாய்க்குப் பக்கத்தில்,
எப்போதும் பச்சையான புல்லின் கீழ்.

'மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம்,' என்றார்.
'குழாய் எப்போது?'

வேலியை வெட்ட ஒரு காலை போதும்.
குழாய்க்கு ஒன்பது நாள் ஆயிற்று.
இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் போக வேண்டும்;
மண் இளகினால் அங்கே ஒருவர்.
கல் இல்லை, பெயர் இல்லை,
குச்சியில் கட்டிய சிலுவைகூட இல்லை.
'இங்கே,' என்பார் ஆர்னெட்டா.
'இங்கேயும்.'
அவர் தங்கை மகன் டெவான்ட்டே சுண்ணாம்புப் பொடி தூவினான்.
குழந்தைகளுக்குச் சின்ன வட்டம்.
நாற்பத்தொன்றுக்குப் பிறகு
எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வதை அவன் நிறுத்திவிட்டான்.

நேராகப் போயிருக்க வேண்டிய குழாய்
ஒவ்வொருவருக்கும் விலகி, வளைந்து, ஒதுங்கிப் போயிற்று.
திட்டத்தில் தொண்ணூறு அடி.
முடிவில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கூடுதல் பணத்துக்கு மறுபடியும் ஒரு சபைக் கூட்டம்.
ஹட்கின்ஸ் வரவில்லை.
காசோலை வந்தது,
உறைக்குள் ஒரு வரிகூட இல்லாமல்.

திறக்கும் நாளில் நான் தொப்பியைக் கழற்றினேன்,
ஜெபத்துக்கு.
அவர் என்னைப் பார்த்தார்.
திரும்பப் போட்டுக்கொண்டேன்.

அவர்தான் திருகினார்.
முதலில் காற்று, இருமல்போல.
பிறகு செம்மண்,
கெட்டியாக, அவர் காலணிமேல், என் காலணிமேல்.
மூடக் கை நீட்டினேன்.

'விடுங்கள்,' என்றார்.
'உள்ளே இருப்பதெல்லாம் வரட்டும்.'

நின்றோம்.
வாளி இன்னும் காலியாகத்தான் இருந்தது.