அளவு நோட்டின் பின்பக்கம்

ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
ஹால் பதினாலுக்குப் பதினொன்று.
உள்ளறை பத்துக்குப் பத்து.
அடுப்படி எட்டுக்கு ஏழு.
நடை முப்பது சதுரம்.
தையல் டேப்பு அஞ்சடிதான்.
தரையில் கிடத்தி, முடிந்த இடத்தில் சாக்கால் கோடு போட்டு
மறுபடி கிடத்தி அளந்தேன்.
தோளும் இடுப்பும் அளந்து பழகிய கைக்கு
மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றாத உடம்பு
இந்த வீடுதான்.

மொத்தம் முந்நூற்று நாற்பது.

டைல்ஸ் கடை தச்சநல்லூர் தாண்டி.
"வேஸ்டேஜ் பத்து சதம் சேத்துக்கிடுங்கக்கா,
வெட்டுல போகும்லா" என்றான் பையன்.
எண்பது சென்டிமீட்டர் பிட்டில்
முழங்கை வரை கை வைத்து எடுப்பவளிடம்
வெட்டில் போவதைப் பற்றிச் சொல்கிறான்.
பத்தை ஆறாக்கிவிட்டு வந்தேன்.

முந்நூற்று அறுபது சதுரம், ஐம்பத்திரண்டு வீதம்,
பதினெட்டாயிரத்து எழுநூற்று இருபது.
பதிக்கிற கூலி ஒன்பதாயிரத்து ஐந்நூற்று இருபது.
சிமெண்டு பன்னிரண்டு மூட்டை, நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
எம்சாண்ட் நாலாயிரத்து ஐந்நூறு.
வெள்ளத்தில் பொருமி விரிந்த தரையை உடைக்க
இரண்டு ஆள், இரண்டாயிரம்.
உடைத்ததை அள்ளிப்போக டிராக்டர் ஆயிரத்து அறுநூறு.
சீட்டுப் பணம் நாற்பத்திரண்டாயிரத்தில்
எழுநூற்று நாற்பது மிச்சம்.
அது டீக்கும் வடைக்கும்.
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் துரைப்பழம் கொத்தனார் வந்தார்.
தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை
என் மகன் கையில் கொடுத்து
மறுமுனையோடு சுவரோரம் நின்றார்.
தண்ணீர் ஆடி அடங்கியது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
மார்கழி வெள்ளம் போட்டுப்போன கோட்டைப் பார்த்தார்.
காய்ந்த வண்டல் நிறம். மூணே முக்கால் அடி.
டியூபை மெல்ல ஏற்றிக் கோட்டோடு ஒட்டிப் பிடித்தார்.
இந்த மூலை, அந்த மூலை, அடுப்படி,
பீரோவுக்குப் பின்னால்கூட.

"ஒரு நூல் பிசகலயே.
முப்பது வருசமா லெவல் பாக்கேன்,
எனக்கு இப்படி அமஞ்சதில்ல" என்றார்,
கூலி கேட்காமல் வேலை பார்த்துப் போனவன்மேல்
வருகிற எரிச்சலோடு.
பிறகு கேட்டார்,
"தரைய எவ்வளவும்மா ஒசத்தணும்?"

நோட்டில் இல்லாத வரி அது.

ஓரடி ஏற்ற மூன்றரை யூனிட் சரள்.
கதவுகளின் அடியை அறுக்க வேண்டும்.
நிலைப்படியில் என் வீட்டுக்காரர் தலை இடிக்கும்.
இருபத்தையாயிரம் கூடும்.
விலா வரை நனைந்தது
இடுப்பு வரை நனைய இருபத்தையாயிரம்.
சிந்துபூந்துறையில் பிறந்த மனுசன்
ஆற்றுப் பக்கம் திரும்பி நின்று
"இனிமே வராது" என்றார்.
அதையும் எழுதிப் பார்த்தேன்.
எதிரே என்ன தொகை போடுவது?

தரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.
கடையில் மிச்ச லாட்டு, முப்பத்தொரு ரூபாய்,
மூன்று டிசைன், ஒன்றும் ஒரு ரூமுக்குக் காணாது.
ஒட்டுப்போட்டுச் சேர்ப்பது எனக்கென்ன புதுசா?
மிஞ்சுகிற ஏழாயிரத்து ஐந்நூற்றறுபதில்
ப்ளக் பாயிண்டுகள் ஐந்தடிக்கு ஏறட்டும்.
உள்ளறைச் சுவரில் ஒரு கடப்பா ஸ்லாப்,
மிஷினைத் தூக்கி வைக்க.
கோட்டுக்கு மேலே.

நோட்டை நிமிர்த்தி
முன்பக்கத்தில் அடுத்த கட்டத்தைப் பிடித்தேன்.
பெயர்: தாமிரபரணி.
உயரம்: மூணே முக்கால்.
டெலிவரி தேதியைக் காலியாக விட்டேன்.
அட்வான்ஸ் என்ற இடத்தில்
ஒரு தரை, தைத்து மடித்த பதினேழு ஜாக்கெட் என்று
எழுதிக்கொண்டிருக்கும்போது
துரைப்பழம் வாசலில் நின்று கேட்டார்,
டீக்குச் சில்லறை இருக்கா என்று.